முட்டி போடத் தரை இல்லை

பிப்ரவரி 12

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று போடவில்லை, கவனித்திருப்பாய். கோபம் தீர்ந்ததும் போடுகிறேன்.

இத்தனை நாள் உன் போனை எடுக்காததற்குக் கோபம் பாதிக் காரணம்தான். மீதி, காது. வலது காதில் போனை வைத்தால் தூரத்தில் யாரோ பாத்திரம் உருட்டுவது போலத்தான் இருக்கிறது. இடது காதில் வைத்தால் கேட்கிறது, ஆனால் என்னை அறியாமல் கத்திவிடுகிறேன். “நீ பேசினா பக்கத்து வீட்டுக்காரங்க பதில் சொல்றாங்க” என்கிறார் உன் அத்தான். அதனால் கடிதம்.

டாக்டர் கடைசியாகச் சொல்லிவிட்டார். செவிப்பறை ஓட்டை மூடிக்கொண்டது, உள்காதில் பட்ட அடி பட்டதுதான். போனது திரும்பாது. இனி தண்ணீருக்குள் தலையை விடக் கூடாது. நானும் ஏதோ தினமும் கடலுக்குள் குடித்தனம் நடத்துகிறவள் போல விழுந்து விழுந்து கேட்டேன், “ஒரு தடவைகூட வேணாமா டாக்டர்?” என்று. வேண்டாமாம்.

என் தொழில் உனக்குத் தெரியும். வண்டி ஓட்டக் கற்கிறவர்கள் என் வலது பக்கம்தான் உட்கார வேண்டும். சரியாகக் கேட்காத பக்கம். நேற்று ஒரு பெண், “மேடம், இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். பதில் வராததால் அவள் நேரே போய் ஒரு முட்டுச்சந்தில் நிறுத்தினாள். இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆனால் என் கோபம் காதுக்காக இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தாயே, வலிக்கிறதா என்றா கேட்டாய்? “ஏன்க்கா பதறினே? எவ்வளவு சொல்லிக் குடுத்தேன்!” என்றுதான் கேட்டாய். கட்டிலில் படுத்திருந்தவளுக்கு எழுந்து ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. தலை சுற்றியதால் தப்பித்தாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகள் அங்கே ஹாஸ்டலில் இருந்துகொண்டு, உன்னுடைய அடுத்த ஸ்கூபா வகுப்பில் சேரப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்கிறேன். நான் பதறியதாகவே இருக்கட்டும். பதறுகிறவளின் மகளும் பதறுவாள். அவளை உன் குளத்தில் இறக்காதே.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் போட்டுவிட்டேன். எனக்குக் கோபம் இல்லை, பயம்தான். அன்றைக்கும் அதுதான். கட்டிலில் நீ கண்ணை மூடிக்கொண்டு கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. வாயில் வந்தது அதுதான். அறையைக் கடனாக வைத்துக்கொள், நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனாலும் அக்கா, எனக்குப் புரியவேயில்லை. உன் வகுப்பில் மாஸ்க்குக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றும் பயிற்சியை உன்னைவிட நன்றாகச் செய்தவர் இல்லை. உன் பக்கத்தில் இருந்த நெட்டை மனிதர் புரையேறி மேலே ஓடினார். நீ முகம் கழுவுகிறவள் மாதிரி சாவகாசமாகச் செய்தாய். மாஸ்க்கின் மேல் விளிம்பைப் பிடி, மேலே பார், மூக்கால் காற்றை விடு. காற்று தண்ணீரைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளிவிடும், முடிந்தது. வாயில் கவ்விய குழாயைத் துப்பிவிட்டுத் தேடி எடுத்தாய். காற்று தீர்ந்துவிட்டது என்று சைகை காட்டி என் குழாயில் மூச்சு வாங்கினாய். அக்கா என்பதற்காக நான் உனக்குத் தேர்ச்சி அட்டை கொடுக்கவில்லை. இன்னும் சொன்னால், அக்கா என்பதற்காகவே உன்னைக் கொஞ்சம் அதிகமாக வறுத்தெடுத்தேன்.

உலகம் முழுக்க இப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். புத்தகத்தில் உள்ள எதையும் நான் விடவில்லை. பிறகு விடுமுறைக்குப் போன இடத்தில் கடலில் என்ன நடந்தது? உங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி என்னிடம், “திடீர்னு கீழ போய்ட்டாங்க சார், நாந்தான் புடிச்சு இழுத்தேன்” என்று மட்டும் சொன்னார். பதறுகிறவர்கள் மேலேதான் ஓடுவார்கள் அக்கா. நீ ஏன் கீழே போனாய்? இதை யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்கிறது. திட்டிக்கொண்டேயாவது சொல்.

உன் மகள், அந்த வாலு, சனிக்கிழமைதோறும் குளத்துக்கு வருகிறாள். வராதே என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கிற ஜென்மமா அது? “அம்மா சொல்ற வரைக்கும் காலை மட்டும் நனைச்சுக்கறேன் மாமா” என்று படியில் உட்கார்ந்துகொள்கிறாள். கால் மட்டும்தான். நீ சொல்லாமல் மேலே ஒரு அங்குலம் நனைய விடமாட்டேன்.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தான் இரண்டு தடவை படித்தார். “அவன் நல்ல பையன்டி” என்றார். நல்ல பையன் இல்லை என்று யார் சொன்னது? நல்ல பையன் கற்றுக்கொடுத்துத்தான் நான் கீழே போனேன்.

சொல்கிறேன், கேள்.

கடலுக்குள் ஒரு பாறைச் சுவர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் சுவர். மறுபக்கமும் கீழேயும் வெறும் நீலம். எனக்குப் பயமே இல்லை. மீன்களைப் பார்த்து வாய்க்குள் சிரித்துக்கொண்டு போனேன். முன்னால் போனவர் திடீரென்று திரும்பினார். அவர் கால் துடுப்பு என் மாஸ்க்கில் பட்டது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மூக்கு வரைக்கும்.

அப்போதும் நான் பதறவில்லை. இதைத்தான் நீ நம்ப வேண்டும். ‘இதுதானே, இது நமக்குத் தெரியுமே’ என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், வார்த்தை வார்த்தையாக. பிறகு நீ கற்றுக்கொடுத்ததை வரிசையாகச் செய்ய ஆரம்பித்தேன்.

குளத்தில் நீ முதலில் என்ன செய்யச் சொன்னாய்? மாஸ்க்கைப் பிடி என்றா? இல்லை. “எல்லாரும் சட்டைல இருக்கற காத்தை விடுங்க, தரைல முட்டி போடுங்க, என்னைப் பாருங்க.” ஒவ்வொரு பயிற்சிக்கும் அதுதான் ஆரம்பம். மாஸ்க்குக்கும் அதுதான், குழாய்க்கும் அதுதான். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் என் முட்டியெல்லாம் சிவந்திருக்கும். ஸ்கூலில் முட்டி போட வைத்தது போதாதென்று இந்த வயதில் நீ வேறு, என்று உன்னைத் திட்டியது நினைவிருக்கிறதா?

கண்ணில் உப்புத் தண்ணீர். ஒன்றும் தெரியவில்லை. கை தானாக, நம்மை மிதக்க வைக்கிற அந்தக் காற்றுச் சட்டையின் பொத்தானை அழுத்தியது. காற்றெல்லாம் வெளியே போனது. நான் முட்டி போடத் தரையைத் தேடினேன் தம்பி. காலை மடக்கிக்கொண்டு, இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று கீழே போய்க்கொண்டே இருந்தேன். வரவில்லை. கீழே போகப் போக மூக்கைப் பிடித்து ஊதிக் காது அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாய். மூக்கு மாஸ்க்குக்குள் தண்ணீரில் இருந்தது. என் ஒரு கை மாஸ்க்கைப் பிடித்திருந்தது, இன்னொரு கை தரைக்காக நீட்டியிருந்தது. பிறகு காதுக்குள் ஏதோ கிழிந்தது. குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனதும் உலகமே சுழன்றது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. அந்த வழிகாட்டி என் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பதறியிருந்தால் நல்லதாகப் போயிருக்கும். சும்மா இருந்திருந்தாலே தண்ணீர் வந்த மாஸ்க்கோடு அதே இடத்தில் மிதந்திருப்பேன். நன்றாகப் படித்த மாணவி என்பதால் விழுந்தேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். கடலுக்கு நடுவில் முட்டி போடத் தரை தேடினாளாம் என்று. நீயும் சிரிப்பாயோ என்றுதான் ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. உடனே பதில் எழுதியிருந்தால் சப்பைக்கட்டுதான் கட்டியிருப்பேன். பாதி எழுதியும் விட்டேன், கிழித்துப் போட்டேன். நீ சொன்னது சரியா என்று முதலில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

இப்போதைய வகுப்பு கடைசிக் கட்டத்தில் இருந்தது. எல்லாரும் எல்லாப் பயிற்சியும் தேறியவர்கள். காலையில் அவர்களிடம், “இன்னிக்கு நீந்தும்போது ஏதாவது நடக்கும், எப்போன்னு சொல்ல மாட்டேன், சம்மதமா?” என்று கேட்டேன். சம்மதித்தார்கள். பாதுகாப்புக்கு இன்னொரு பயிற்சியாளரைக் கூட வைத்துக்கொண்டேன். குளத்தின் ஆழமான பகுதியில், தரைக்கும் மேல்மட்டத்துக்கும் நடுவில் அவர்கள் சுற்றி வரும்போது, ஒவ்வொருவர் பின்னாலும் போய் மாஸ்க்கின் ஓரத்தை லேசாகத் தூக்கினேன்.

முதலில் ஒரு பல் டாக்டர். தண்ணீர் உள்ளே போனதும் அவர் கை பொத்தானுக்குப் போயிற்று. காற்றை விட்டார், கீழே போனார், முட்டி போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எதற்கு என்று நினைக்கிறாய்? ஆரம்பிக்கலாம் என்று நான் சைகை காட்டுவதற்காக!

அடுத்தவரும் அப்படியே. அதற்கு அடுத்தவரும். கணவன் மனைவி இருவர் ஜோடியாக இறங்கி ஜோடியாக முட்டி போட்டார்கள். ஒருவர்கூட நின்ற இடத்தில் செய்யவில்லை அக்கா. கடைசியில் இருந்த ஒரு வயதான தையல்காரர் தரைக்குப் போய், முட்டி போட்டு, தண்ணீரை அழகாக வெளியேற்றிவிட்டு, எல்லாம் சரி என்று விரலை வட்டமாக்கிக் காட்டினார். அவர் முகத்தில் இருந்த பெருமையை என்னால் பார்க்க முடியவில்லை. உன் முகம்தான் தெரிந்தது.

ஏன் முட்டி போட வைக்கிறோம் தெரியுமா? முதல் நாள் பயப்படுகிறவர்களுக்குத் தரை தைரியம் தரும் என்று சொல்வோம். அது உண்மைதான். ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. வரிசையாக முட்டி போட்டு உட்கார்ந்தால் வாத்தியாருக்கு வசதி. எல்லாரையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதிலேயே பழகிவிட்டேன், கேள்வி கேட்கவே தோன்றவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். “குளத்துக்குத் தரை இருக்கே, அப்புறம் என்ன?” என்றார். கடலுக்கு என்றேன். “கடலுக்குப் போறப்ப கூட ஆள் போகும்ல?” என்றார். உன்னோடும்தான் ஆள் போனார்.

நீ பதறவில்லை அக்கா. நான் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தாய். அதற்குத்தான் உன் காதைக் கொடுத்திருக்கிறாய். இந்தத் தொழிலை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். கடையில் உட்கார்ந்து துடுப்பும் மாஸ்க்கும் விற்றுக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். விற்பதில் யாருக்கும் காது போகாது.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

விட்டுவிட்டு ஓடுவதாக இருந்தால் முதலில் அந்தத் தையல்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு ஓடு. அவர் அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு எந்தக் கடலில் இறங்கப் போகிறாரோ. நீ போனால் அடுத்து வருகிறவன் திரும்பவும் எல்லாரையும் முட்டி போடத்தான் வைப்பான்.

என் பந்து நினைவிருக்கிறதா? என்னிடம் ஓட்டக் கற்கிறவர்கள், “இப்போ பிரேக் போடு” என்றால் கச்சிதமாகப் போடுவார்கள். அதற்கு என்ன மதிப்பு? ரோட்டில் குறுக்கே ஓடுகிற குழந்தை, “அண்ணே, பிரேக் போடுங்க” என்று சொல்லிவிட்டா ஓடும்? அதனால்தான் ஆள் நடமாட்டமில்லாத தெருவில், ஏதோ ஒரு கேட்டுக்குப் பின்னால் உன் அத்தானை ஒளித்து வைத்து, வண்டி வரும்போது ஒரு சிவப்புப் பந்தை உருட்டிவிடச் சொல்வேன். எந்தக் கேட் என்று கற்கிறவருக்குத் தெரியாது. உன் அத்தானை ஒருநாள் திருடன் என்று நினைத்து நாய் துரத்தியபோது, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “மனுஷன பந்து பொறுக்க விட்டுட்டியேக்கா” என்றாய். சிரித்ததோடு சரி. அந்தப் பந்தைக் கொஞ்சம் உன் குளத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். என் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது, உனக்குத் தெரியும். புதிதில் நான் அதைச் சதா மிதித்துக்கொண்டே இருப்பேன். கற்கிறவர்களுக்குத் தெரியாது. தாங்களே நிறுத்துவதாக நினைத்துக்கொள்வார்கள். லைசென்ஸ் வாங்கிச் சொந்த வண்டி ஓட்டப் போய் முதல் வாரத்திலேயே எதிலாவது முட்டுவார்கள். மிதிப்பது சுலபம், காலை எடுப்பதுதான் கஷ்டம். குளத்தில் நீ எங்கள் முன்னாலேயே நின்று கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டாய். அதுவும் பிரேக் மேல் வைத்த ஒரு கால்தான்.

தொழிலை விடாதே. மாற்று. ஆனால் வாலு விஷயத்தில் என் பதில் அதே பதில்தான். உன்மேல் கோபம் குறைந்திருக்கிறது. பயம் குறையவில்லை.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

மாற்ற ஆரம்பித்துவிட்டேன். முதலாளி இந்த ஒரு வகுப்புக்கு மட்டும், ஏதோ பிச்சை போடுவது போல, அனுமதி தந்திருக்கிறார்.

யாரும் தரையைத் தொடக் கூடாது. முதல் நாளே இடுப்பளவு தண்ணீரில், சட்டையில் காற்றைக் கொஞ்சமாக ஏற்றி, குப்புறப் படுத்த மாதிரி மிதக்கச் சொல்கிறேன். மிதக்க வந்த பிறகுதான் மற்றதெல்லாம். மாஸ்க்கில் தண்ணீர் வந்தால் முதல் வேலை மாஸ்க் இல்லை. மூச்சு வருகிறதா, அதே உயரத்தில் இருக்கிறோமா, பக்கத்தில் யார். பிறகுதான் மாஸ்க். பழகப் பழகச் சொல்லாமல் கொள்ளாமல் பந்தை உருட்டுகிறேன். நான் பின்னால் வந்தாலே எல்லாரும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். வகுப்பு இழுத்துக்கொண்டே போகிறது. இரண்டு பேர், “பக்கத்து ஊர்ல சீக்கிரமா முடிச்சுக் குடுத்துடறாங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறார். தையல்காரரையும் மற்றவர்களையும் திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட்டேன். பாதிப் பேர் வந்தார்கள். தையல்காரர் வந்தார். இப்போது அவர் நடுத் தண்ணீரில் அசையாமல் நிற்கிறதைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். வாலு இன்னும் படியில்தான் இருக்கிறாள். மற்றவர்கள் தவறு செய்தால் கரையிலிருந்து திருத்துகிறாள், அதிகப்பிரசங்கி. இந்த வகுப்போடு முதலாளி பழையபடி ஆரம்பிக்கச் சொன்னாலும் சொல்வார். அவள் படிப்பு முடிந்தால் வேறு ஊருக்குப் போவாள். அங்கே எவனிடமாவது சேருவாள் அக்கா. அதை உன்னாலும் தடுக்க முடியாது, என்னாலும் முடியாது. எவனோ முட்டி போட வைப்பதைவிட நான் மிதக்க வைக்கிறேன்.

அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்யமாட்டேன். கடலில் நான் யோசிக்காத ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். உன்னிடம் அப்படிச் சத்தியம் செய்துதான் அனுப்பினேன், நினைவிருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

சத்தியம் செய்திருந்தால் முடியாது என்றுதான் எழுதியிருப்பேன்.

இறக்கு. குளத்தில் மட்டும். கடலைப் பற்றிப் பிறகு பேசலாம். நான் பார்க்க வரமாட்டேன். வந்து உட்கார்ந்தால் அவளுக்கும் பயம் ஒட்டிக்கொள்ளும்.

அவளுக்குச் சளி பிடித்தால் காது சீக்கிரம் அடைக்கும். மூக்கு ஒழுகினால் தண்ணீர்ப் பக்கமே விடாதே. பொய் சொல்லுவாள், முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அக்கா


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

ஆமாம், போட்டுவிட்டேன். ரொம்ப அலட்டிக்கொள்ளாதே.

வரமாட்டேன் என்று எழுதினேன். போன சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டேன். உன் அத்தானிடம் மட்டும் சொன்னேன். உங்கள் குளத்துக்கு மேல் மாடியில், கண்ணாடிக்குப் பின்னால், நீச்சல் படிக்கும் குழந்தைகளின் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, “உங்க குழந்தை எது?” என்றாள். கேட்காத பக்கம் என்பதால் திரும்பவும் சொல்ல வைத்து, “அந்த ஆழத்துல இருக்கறது” என்று காட்டினேன். “அவ்வளவு பெரிசா!” என்றாள்.

தண்ணீர் தெளிவாக இருந்ததால் மேலிருந்து எல்லாம் தெரிந்தது. வாலு நடுவில் போய்க்கொண்டிருந்தாள். நீ பின்னால் வந்தாய். உன்னை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், ஒரு விஷமம் செய்யப் போனால் உன் முதுகே காட்டிக்கொடுத்துவிடும். மாஸ்க்கைப் பிடித்து முழுசாகவே கழற்றிவிட்டாய், படுபாவி.

அவள் கொஞ்சம் இறங்கினாள். நிஜமாகவே இறங்கினாள், நீயும் பார்த்திருப்பாய். கை அந்தப் பொத்தானுக்குப் போகப் போகிறது என்று நினைத்தேன். போகவில்லை. கைகளை விரித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தரைக்கும் மேல்மட்டத்துக்கும் நடுவில் அப்படியே நின்றாள். அவளுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒன்றும் வேண்டியிருக்கவும் இல்லை. குமிழிகள் ஒரே சீராக வந்தன. அவசரமே படாமல் உன் கையிலிருந்து மாஸ்க்கை வாங்கினாள், மாட்டினாள், தலையைத் தூக்கிக் காற்றை விட்டாள். நீ ஒரு கை தூரத்தில் சும்மா இருந்தாய். உன் கை அவள் பக்கம் போகவே இல்லை.

அவள் உன்னைப் பார்த்து ஏதோ சைகை காட்டித் திட்டிவிட்டு நீந்திப் போய்விட்டாள். பக்கத்து அம்மா என் தோளைத் தொட்டு, “என்னாச்சுங்க, கால் மரத்துப் போச்சா?” என்றாள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் வலது கால் செருப்போடு தரையை மிதித்து அழுத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக மிதித்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. அங்கே ஏது பிரேக்!

காலை எடுத்துவிட்டேன் தம்பி. கடலுக்குக் கூட்டிக்கொண்டு போ.

அக்கா